கொடி ஏந்துவோரின் உடை மாறிய கதை

ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்புக் கோடுகளை, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வரையுங்கள். அதை ஒரு நண்பரிடம் கொடுத்து விளையாட்டு மைதானத்தின் ஒரு முனையில் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னோக்கி நடந்து போங்கள். இருபது, முப்பது மீட்டர் வரை கோடுகள் தெளிவாகத் தெரியும். அறுபது மீட்டர் போனதும் கோடுகள் கரைந்து, தாள் வெறும் சாம்பல் நிறமாகத் தோன்றும்.

இதற்குக் காரணம் நம் கண்ணின் விழித்திரையே. அருகருகே உள்ள இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால், ஒரு கோட்டின் அகலம் நம் கண்ணில் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவாவது கோணத்தை உண்டாக்க வேண்டும். சாதாரணப் பார்வைக்கு இதுதான் எல்லை. அறுபது மீட்டர் தொலைவில் இந்தக் கோணம் சுமார் 17 மில்லிமீட்டருக்குச் சமம். அதைவிட நுண்ணிய வேலைப்பாடு எதுவாயினும் அவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பயனில்லை.

கண்ணின் இந்த எல்லை அமெரிக்காவில் ஒரு கலையின் உடையையே மாற்றியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அமெரிக்க நாட்டில் 'டிரம் கோர்' என்ற பெயரில் முரசு, எக்காள அணிகள் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களின் சங்கங்கள் இவற்றை வளர்த்தன. இன்று ஓர் அணியில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லாரும் இளைஞர்கள். 91 மீட்டர் நீளமும் 49 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்து மைதானத்தில் இவர்கள் வாசித்துக்கொண்டே பல வடிவங்களில் நகர்வார்கள். (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், நம் கால்பந்து வேறு.) இவர்களில் முப்பது, நாற்பது பேர் எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. கொடியைச் சுழற்றுவார்கள், மரத் துப்பாக்கியையும் வாளையும் வானில் எறிந்து பிடிப்பார்கள், நடனமாடுவார்கள். இந்தப் பிரிவுக்குக் 'கலர் கார்டு' என்று பெயர். நாம் கொடிக்காவல் அணி என்று அழைப்போம்.

காவல் என்ற சொல் ஏன் வந்தது? படை நடக்கும்போது கொடியைத் தூக்குபவர் சண்டையிட முடியாது. ஆகவே அவரைச் சுற்றி ஆயுதம் தாங்கியவர் சிலர் வருவார்கள். முரசு அணிகளிலும் தொடக்கத்தில் இதுதான் வேலை. நாட்டுக் கொடியை முறைப்படி எடுத்துச் சென்று மரியாதை செய்வது போட்டியின் ஒரு கட்டாயப் பகுதியாகவே இருந்தது. இன்று அவர்கள் எறியும் மரத் துப்பாக்கி அந்தக் காவலின் எச்சம்.

ஆகவே முதல் உடையும் படைவீரர் உடையே. கழுத்துவரை மூடிய மேலங்கி, பித்தளைப் பொத்தான்கள், மார்பில் சரிகைப் பின்னல், இறகு செருகிய உயரமான தொப்பி, வெள்ளைக் கையுறை. பெண்கள் அணிகளில் பாவாடையும் வெள்ளைப் பூட்சும். இடுப்பில் ஒரு தோல்வார் இருக்கும். அதில் தைத்த குப்பியில் கொடிக்கம்பின் அடி நிற்கும். கொடியை நிமிர்த்திப் பிடித்து நடக்கும்வரை அந்தக் குப்பி மிக வசதியானது. கொடியைச் சுழற்ற ஆரம்பித்த பிறகு அது தேவையற்றதாகிவிட்டது.

அந்த நாளைய போட்டிகளில் உடைப் பரிசோதனை என்று ஒரு பகுதி இருந்தது. நடுவர்கள் வரிசையாக நிற்பவர்களின் அருகே வந்து, பொத்தான் கழன்றிருக்கிறதா, பூட்சில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்காக அமைந்த உடை அது. ஆனால் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? மைதானத்துக்கு வெளியே, உயர்ந்த படிக்கட்டுகளில். அவர்கள் கண்ணுக்குச் சரிகையும் பொத்தானும் உங்கள் தாளின் கோடுகளைப் போலக் கரைந்து ஒரு மங்கல் நிறமாகத்தான் தெரிந்திருக்கும்.

வெப்பம் இன்னொரு சிக்கல். போட்டிக் காலம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை, அதாவது அங்கே கோடைக்காலம். ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலங்களில் பட்டப்பகலில் தெருவில் நடக்க வேண்டும். கடுமையாக உழைக்கும் உடல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வையைக்கூட வெளியேற்றும். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். ஒரு கிராம் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. கனத்த கம்பளித் துணியும் அதன் உள்ளே தைத்த பட்டைத்துணியும் சேர்ந்து ஈரக்காற்றைத் தோலருகே சிறைப்படுத்திவிடுகின்றன. வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. உடலின் வெப்பநிலை ஏறுகிறது. வெப்பத் தாக்கு உயிரையே பறிக்கக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது. கம்பளி இழைமீது மட்டும் பழி போடுவதற்கில்லை; துணியின் தடிமனும் மூடிய கழுத்தும்தான் பெரிய குற்றவாளிகள்.

இத்தனை குறைகள் இருந்தும் அந்த உடை நெடுங்காலம் நீடித்தது. அதற்கு மதிப்பெண் போடும் முறை ஒரு முக்கியக் காரணம். படைவீரர் சங்கங்களின் பிடியிலிருந்து விலகி, அணிகள் தாமே சேர்ந்து 1971-இல் 'டிரம் கோர் இண்டர்நேஷனல்' என்ற அமைப்பைத் தொடங்கின. முதல் சாம்பியன் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் நடந்தது. அப்போதும் பழைய முறைதான்: பிழை ஒன்றுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போவார்கள். கழிக்கும் முறையில் எல்லாரும் ஒரே அச்சாக இருப்பதே பாதுகாப்பு. 1984-இல் இதைக் கைவிட்டு, நல்லதற்கு மதிப்பெண் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் உணர்ச்சிக்கும் நடிப்புக்கும் மதிப்பெண் கிடைக்கத் தொடங்கியது. படைவீரர் மேலங்கியை மாட்டிக்கொண்டு காதலையும் துயரத்தையும் நடிப்பது எப்படி?

இதற்குச் சற்று முன்பே, 1977-இல், கொடிக்காவல் அணிகள் குளிர்காலத்தில் தனியே போட்டியிட 'விண்டர் கார்டு இண்டர்நேஷனல்' என்ற அமைப்பு தோன்றியது. அங்கே மைதானம் கிடையாது, உள்ளரங்கம், பதிவு செய்த இசை. பார்வையாளர் சில மீட்டர் தொலைவிலேயே இருக்கிறார். நாடக மேடையின் உடைகளும் ஒப்பனையும் அங்கே நன்றாகப் பயின்றன. குளிர்காலத்தில் பழகியவர்களே கோடையில் மைதானத்துக்கு வந்தார்கள். உடையும் அவர்களோடு வந்தது.

ஆனால் ஆசை மட்டும் போதாது; துணி வேண்டுமே! பூட்சுக்குப் பதில் வளையும் நடனக் காலணி வந்தது. கையைத் தலைக்கு மேல் வீசவும் காலைத் தோளளவு உயர்த்தவும் இடம் கொடுக்கும் துணியை வேதியியல் தந்தது. 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷைவர்ஸ் உருவாக்கிய இழை, ஸ்பாண்டெக்ஸ். லைக்ரா என்ற வணிகப் பெயரில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் நீண்ட மூலக்கூறுகளில் மென்மையான பகுதிகளும் விறைப்பான பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. இழுத்தால், சுருண்டு கிடந்த மென்பகுதிகள் நீள்கின்றன. விறைப்பான பகுதிகளோ ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மூலக்கூறுகள் நழுவாமல் காக்கின்றன. விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இழை தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு நீண்டாலும் மீளும். துணியில் இதைச் சிறு விழுக்காடு கலந்தாலே போதும்.

இத்துடன் சேரும் பாலியஸ்டர் 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டது. தன் எடையில் அரை விழுக்காடு அளவுகூட ஈரத்தை அது காற்றிலிருந்து உறிஞ்சாது. பருத்தி எட்டு விழுக்காடு உறிஞ்சும். ஆகவே பாலியஸ்டர் துணியைத் துவைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடை முழுதும் பஸ்ஸில் ஊர் ஊராகச் செல்லும் அணிக்கு இது பெரிய வசதி. பாலியஸ்டரில் படம் அச்சிடும் முறையும் விந்தையானது. ஒருவகைச் சாயத்தைச் சுமார் 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அது உருகாமலே ஆவியாகி இழையின் உள்ளே புகுந்துவிடுகிறது. ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. கணிப்பொறி அச்சு வந்தபின், நாற்பது பேருக்கு நாற்பது விதமான சாயல்கள் அச்சிடுவதுகூட எளிதாகிவிட்டது.

எளிதாக இருப்பதனாலேயே தவறும் நேர்கிறது. கணிப்பொறித் திரையில் அழகாகத் தோன்றும் நுண்ணிய பூவேலை, படிக்கட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் சேற்று நிறம்! சிவப்பும் பச்சையும் சிறு கட்டங்களாக அமைந்தால், தொலைவில் இரண்டும் கலந்து ஒரு பழுப்பு மஞ்சளாகிவிடும். நிற வேறுபாட்டைவிட ஒளி வேறுபாட்டையே கண் நுட்பமாகப் பிரித்தறிகிறது. ஆகவே நல்ல வடிவமைப்பாளர் பெரிய பரப்புகளாக, வெளிர் நிறத்தையும் அடர் நிறத்தையும் மோதவிடுகிறார். பச்சைப் புல்மீது சிவப்பு துள்ளி நிற்கும், அடர்பச்சை அமிழ்ந்துபோகும். ஆடுபவர் கறுப்பு அணிந்தால் சுழலும் கொடி மட்டும் கண்ணில் படும். வட்டமாக வெட்டிய பாவாடை, ஆடுபவர் சுழலும்போது குடைபோல் விரிந்து ஒரே ஆளைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் தொங்கும் சட்டைக்கை ஆபத்து. வானிலிருந்து சுழன்று இறங்கும் துப்பாக்கி அதில் சிக்கினால் முகம் உடையும். துப்பாக்கி பிடிப்பவர் கையில் தோல் கையுறை மட்டும் இன்றும் போகவில்லை.

இந்த மாற்றத்துக்கு விலையும் உண்டு. உடலோடு ஒட்டிய துணி எதையும் மறைப்பதில்லை. பதினாறு, பதினெட்டு வயதில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அப்படி நிற்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். அந்தக் கூச்சத்தை அசட்டுத்தனம் என்று ஒதுக்குவது சரியென எனக்குத் தோன்றவில்லை. ஒரே நிறத்தில் வெவ்வேறு வெட்டுகள் தைத்து, அவரவர் உடலுக்குப் பொருத்தமானதைக் கொடுக்க இன்றைய நெசவும் அச்சும் இடம் தருகின்றன, மனம்தான் வேண்டும்.

வாத்தியம் வாசிப்பவர்கள் மட்டும் நெடுநாள் படைவீரர் உடையிலேயே இருந்தார்கள். ஓகையோ மாநிலத்தின் 'புளூகோட்ஸ்' அணி 2016-இல் அவர்களுக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டு மைதானத்தில் இறக்கி, தன் முதல் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. அதன்பின் பல அணிகள் அந்த வழியில் இறங்கின. பழைய ரசிகர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பச்சை உடை என்றால் 'கேவலியர்ஸ்', ஒருபக்க விளிம்பு மடித்த ஆஸ்திரேலியத் தொப்பி என்றால் 'சாண்டா கிளாரா வான்கார்டு' என்று வாசலிலேயே அடையாளம் கண்டவர்கள் அவர்கள். இப்போது ஆண்டுக்கு ஓர் உடை.

கம்பளி மேலங்கி ஒன்றைப் பல ஆண்டுகள் கைமாற்றி அணிந்தார்கள். இன்றைய உடைக்கு ஆயுள் ஒரு கோடைதான். ஆகஸ்டில் இறுதிப் போட்டி முடிந்ததும் அந்த ஆண்டின் உடைகளும் கொடிகளும் பள்ளி அணிகளுக்கு விலைக்கு வந்துவிடுகின்றன.