சீனத்தின் கடற்படையும் அண்டை நாட்டாரின் கவலையும்

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கற்பலகை இருக்கிறது. 1911-ஆம் ஆண்டில் காலி நகரத்தில் கண்டெடுக்கப்பட்ட அந்தப் பலகையில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. சீன வாசகம் புத்த பகவானுக்கும், தமிழ் வாசகம் தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமியரின் இறைவனுக்கும் சீனச் சக்கரவர்த்தி அனுப்பிய பொன், வெள்ளி, பட்டு, வாசனைத் தைலம் முதலிய காணிக்கைகளை வரிசையாகச் சொல்கின்றன. 1405-க்கும் 1433-க்கும் இடையே ஏழு முறை பெரும் கப்பற்படையுடன் யாத்திரை செய்த செங் ஹே என்ற தளபதி கொணர்ந்த சாசனம் அது. தங்கள் தேசத்தின் கப்பல்கள் என்றும் சமாதானத் தூதாகவே சென்றன என்பதற்குச் சீன அரசியலார் இன்றும் செங் ஹேயின் யாத்திரைகளைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே செங் ஹே, இலங்கையில் தம்மை எதிர்த்து நின்ற அழகேசுவரர் என்ற தலைவரைப் போரில் வென்று, சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு போனார் என்பதும் சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. காணிக்கையும் படைபலமும் ஒரே கப்பலில் வந்திறங்கின.

அந்த யாத்திரைகளுக்குப் பின் சீனம் கடலுக்குப் புறங்காட்டி உட்கார்ந்துவிட்டது. வடக்கு எல்லையில் மங்கோலியரின் தொல்லை, கப்பற்படைக்கு ஆகும் அபாரமான செலவு, அரசவைப் பண்டிதர்களின் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து கடற்பயணத்தை நிறுத்திவிட்டன. நானூறு ஆண்டுகள் கழித்து, அபினி யுத்தத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் நெமிசிஸ் என்ற இரும்பு நீராவிக் கப்பல் சீனத்து மரக்கலங்களைச் சிதறடித்தபோது, தாங்கள் அலட்சியம் செய்த திசையிலிருந்தே ஆபத்து வந்திருப்பதை அந்நாட்டார் கண்டார்கள். 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கைப்படி ஹாங்காங் தீவு கைவிட்டுப் போயிற்று.

பின்னர் அவர்கள் விழித்துக்கொள்ள முயலாமல் இல்லை. ஜெர்மனியில் கட்டி வாங்கிய டிங்யுவான், ஜென்யுவான் என்ற இரண்டு கவசக் கப்பல்களைக் கொண்ட பேய்யாங் கடற்படை, ஆசியாவிலேயே வலிமை மிக்கது என்று ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. ஆயினும் கடற்படைக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும் பங்கைச் சீஷீ மகாராணியார் பீஜிங்கின் கோடை அரண்மனையைப் புதுப்பிக்கத் திருப்பிவிட்டார். அந்த அரண்மனை ஏரியின் கரையில், சலவைக்கல் அடித்தளத்தின் மேல் மரத்தால் மாடம் எழுப்பி, அதற்கும் சலவைக்கல் போலவே வர்ணம் பூசிய, எந்நாளும் மிதக்க முடியாத ஓர் ஓடம் இன்றும் நிற்கிறது. 1893-இல் அது புதுப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி யாலு நதி முகத்துவாரத்துக்கு அப்பால் ஜப்பானியக் கடற்படை பேய்யாங் படையின் ஐந்து கப்பல்களை அழித்தது. 1895-இல் எஞ்சியதும் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் அழிந்தது. தளபதி டிங் ருசாங் தற்கொலை செய்துகொண்டார். தைவான் ஜப்பானின் வசமாயிற்று. சீனப் பள்ளிப் பிள்ளைகள் இன்றைக்கும் வாசித்து வளர்கிற இந்த அவமானத்தை அறியாமல், அந்நாட்டின் இன்றைய கடற்படை வளர்ச்சியை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது என்பது என் அபிப்பிராயம்.

1949-இல் கம்யூனிஸ்ட் அரசு ஏற்பட்ட பின்னும் நெடுங்காலம் சீனக் கடற்படை கரையோரக் காவலுக்கே தகுதியானதாக இருந்தது. 1982 முதல் 1988 வரை தலைமை வகித்த லியூ ஹுவாசிங், சோவியத் நாட்டில் லெனின்கிராடில் கடற்போர்க் கலை பயின்றவர். ஜப்பான், தைவான், பிலிப்பைன்ஸ் எனத் தங்கள் கடற்கரைக்கு எதிரே சங்கிலிபோல் கிடக்கும் தீவுகளைச் சுட்டிக்காட்டி, முதலில் அதற்கு உட்பட்ட கடலில் ஆதிக்கம், பிறகு அதற்கு அப்பாலும் சஞ்சாரம் என்று படிப்படியான ஒரு திட்டத்தை அவர்தான் வகுத்தார். விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று வேண்டும் என்பது அவருடைய தீராத வேட்கை. 1996 மார்ச்சில், தைவான் மக்கள் முதன்முறையாகத் தங்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவிருந்த சமயம், அவர்களை அச்சுறுத்தச் சீனம் ஏவுகணைகளைக் கடலில் வீச, அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிப் படைகளை அங்கே அனுப்பியது. வாசலில் வந்து நின்ற அந்தக் கப்பல்களுக்கு எதிராகச் செய்வதற்கு அன்று சீனத்திடம் ஒன்றுமில்லை. இனி ஒரு முறை அந்த நிலை வரக்கூடாது என்ற சங்கற்பம் பீஜிங்கில் அப்போது உறுதிப்பட்டது.

அதற்குப் பின் நடந்தவற்றில் ஒரு கதை தனியே சொல்லத்தக்கது. சோவியத் யூனியன் சிதைந்தபோது, உக்ரைனின் மைகோலைவ் கப்பல் தளத்தில் வார்யாக் என்ற விமானந்தாங்கி அரைகுறையாகத் துருப்பிடித்துக் கிடந்தது. மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி அமைக்கப்போவதாகச் சொல்லி, ஹாங்காங் வியாபாரி ஒருவர் 1998-இல் 2 கோடி டாலருக்கு அதை வாங்கினார். தானாக ஓட முடியாத அந்தப் பெருங்கூட்டை இழுவைக் கப்பல்கள் இழுத்துவர, பாஸ்பரஸ் ஜலசந்தியில் அதை அனுமதிக்கத் துருக்கி மறுத்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் கருங்கடலிலேயே அலைந்து, ராஜதந்திரப் பேச்சுகளுக்குப் பின் வழி கிடைத்து, 2002 மார்ச்சில்தான் அது டாலியன் துறைமுகத்தை அடைந்தது. பத்தாண்டு உழைப்புக்குப் பின், 2012 செப்டம்பரில், அதுவே லியாவ்னிங் என்ற பெயரில் சீனத்தின் முதல் விமானந்தாங்கியாகப் படையில் சேர்ந்தது. சொந்தமாகக் கட்டிய ஷாண்டோங் 2019-இலும், மின்காந்த விசையால் விமானங்களை உந்தி எறியும் ஃபூஜியான் 2025-இலும் தொடர்ந்தன. லியூ ஹுவாசிங் 2011-இல் காலமானார். ஒன்றைக்கூடப் படையில் சேர்ந்த நிலையில் அவர் பார்க்கவில்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி சீனத்திடம் இப்போது 370-க்கு மேற்பட்ட போர்க்கப்பல்களும் நீர்மூழ்கிகளும் உள்ளன; அமெரிக்காவிடம் இருப்பவை 300-க்குச் சற்றுக் குறைவு. 11 பெரிய விமானந்தாங்கிகளாலும் அணுசக்தி நீர்மூழ்கிகளாலும் அமெரிக்காவின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது என்றாலும், உலகத்து வர்த்தகக் கப்பல்களில் ஏறத்தாழப் பாதியைக் கட்டித் தள்ளும் தளங்கள் சீனத்தில் இருப்பதால், இழந்த கப்பலுக்கு ஈடு செய்யும் வேகத்தில் அதற்கு நிகர் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெயில் பெரும்பகுதி மலாக்கா ஜலசந்தி வழியே வருகிற ஒரு தேசம், அந்தக் குறுகிய வழியைப் பிறர் அடைத்துவிடுவார்களோ என்று அஞ்சுவது இயற்கை. அந்த அச்சத்துக்கு அது தேடிக்கொண்ட பரிகாரம் அயலாரின் முற்றத்தில் மதில் எழுப்புவதாக முடிந்ததில்தான் தகராறு பிறந்தது. தென் சீனக் கடலின் மிகப் பெரும் பகுதியைச் சுற்றி வளைத்துச் சீனம் தன் வரைபடங்களில் ஒன்பது கோடுகள் போட்டிருக்கிறது. அக்கோடுகள் வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே ஆகிய நாடுகளின் கரைகளை நெருங்கிச் செல்வதோடு, இந்தோனேசியாவின் நதுனா தீவுகளுக்கு அருகிலுள்ள கடலிலும் குறுக்கிடுகின்றன. 1974-இல் பாரசெல் தீவுகளில் தென் வியட்நாமியரைத் துரத்தியும், 1988 மார்ச்சில் ஜான்சன் தெற்குத் திட்டில் 64 வியட்நாமியர் உயிரிழந்த மோதலுக்குப் பின்னும், சீனம் அங்கே காலூன்றியது. 1995-இல் பிலிப்பைன்ஸின் பலாவான் தீவிலிருந்து 130 கடல் மைல் தொலைவிலுள்ள மிஸ்சீஃப் திட்டில் கால்நட்டுக் கட்டிய சில குடில்கள் தெரிந்தன. மீனவர் ஒதுங்கும் இடம் என்று சீனம் சமாதானம் சொல்லிற்று. 2013-இன் இறுதியிலிருந்து இத்தகைய திட்டுகளுக்கு மணலை வாரி இறைக்கும் பெரிய கப்பல்கள் வந்தன. இன்று அதே திட்டில் போர் விமானம் இறங்கத்தக்க ஓடுபாதை இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்ந்த பவளம் அந்த மணலுக்கு அடியில் புதைந்து போனதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

பிலிப்பைன்ஸ் 2013-இல் வழக்குத் தொடுத்தது. ஐந்து நடுவர் கொண்ட மன்றம் 2016 ஜூலை 12-ஆம் தேதி, கோடுகளுக்குள் அடங்கிய கடல் வளத்தின்மேல் சீனம் கோரும் சரித்திர உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்றும், மிஸ்சீஃப் திட்டு பிலிப்பைன்ஸின் 200 கடல் மைல் தனிப் பொருளாதார மண்டலத்தைச் சேர்ந்தது என்றும் தீர்ப்பளித்தது. கடற்சட்ட ஒப்பந்தத்தை 1996-இலேயே ஏற்றுக்கொண்டிருந்த சீனம், விசாரணையில் கலந்துகொள்ளவும் இல்லை, தீர்ப்பை ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்தத் தீர்ப்பை மதிக்குமாறு வற்புறுத்துகிற அமெரிக்காவோ இன்றுவரை அந்த ஒப்பந்தத்தில் சேரவே இல்லை. அதன் புத்திமதிக்கு வலுக் குறைவதற்கு இதுவே காரணம். பிலிப்பைன்ஸ் வழக்கின் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014 ஜூலையில், வங்காள விரிகுடாவில் தகராறுக்கு உட்பட்ட கடற்பரப்பில் சுமார் 19,500 சதுரக் கிலோமீட்டரைப் பங்களாதேசத்துக்கு உரியதாக்கிய தீர்ப்பை, தன்னைவிடப் பல மடங்கு சிறிய அயல்நாட்டிடம் தோற்ற இந்தியா மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. பெரிய தேசம் நீதிக்குத் தலைவணங்குவதால் சிறுமைப்பட்டுவிடாது என்பதற்கு இதைவிட அருகில் உள்ள உதாரணம் வேண்டியதில்லை.

இந்த விவகாரம் எவ்வளவு சிறிய இடத்தில், எவ்வளவு சிலரை வைத்துப் பற்றி எரிகிறது என்பதை அறிய இரண்டாம் தாமஸ் திட்டைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கர் கட்டிய, சுமார் 100 மீட்டர் நீளமுள்ள சியரா மாத்ரே என்ற பழைய கப்பலை, 1999-இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே அங்கே தரைதட்ட வைத்தது. துரு தின்று ஓட்டை விழுந்த அந்தக் கப்பல்தான் அத்திட்டில் அந்நாட்டின் உரிமைக்கு அடையாளம்; அதில் விரல்விட்டு எண்ணத்தக்க சிப்பாய்கள் முறை வைத்துக் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டு செல்லும் சிறு படகுகளைச் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் மறித்துவந்தன, நீர்ப்பீரங்கியால் தாக்கிவந்தன. 2024 ஜூன் 17-ஆம் தேதி, கத்தியும் கோடரியும் ஏந்திய சீனக் காவலர் பிலிப்பைன்ஸின் ரப்பர் படகுகளைச் சூழ்ந்துகொண்டு கிழித்ததை அந்நாடு வெளியிட்ட படக்காட்சியில் உலகம் கண்டது. மாலுமி ஒருவர் கட்டை விரலை இழந்தார். அவர் உயிரை இழந்திருந்தால், 1951-ஆம் ஆண்டின் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி அமெரிக்காவும் தலையிட நேர்ந்திருக்கலாம். அணு ஆயுதம் தாங்கிய இரண்டு வல்லரசுகளின் சமாதானம், அலையில் ஆடும் ஒரு ரப்பர் படகில் தங்கியிருந்த நாள் அது. அடுத்த மாதமே இரு தரப்பாரும் உணவு கொண்டு செல்வது பற்றித் தற்காலிக ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார்கள் என்பது சிறிது ஆறுதல்.

அந்த ஆறுதலும் முழுமையானதன்று. 2025 ஆகஸ்டில், அதே கடலில் இரு நாடுகளும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டுக்கு அருகே, பிலிப்பைன்ஸ் காவல் கப்பல் ஒன்றைத் துரத்திக்கொண்டு வந்த சீனக் கடற்படைக் கப்பலும் சீனக் காவல் கப்பலும் தம்முள்ளேயே மோதிக்கொண்டதில், காவல் கப்பலின் முன்பக்கம் நசுங்கிப் போயிற்று. துரத்தப்பட்டவர்கள் நின்று, காயம்பட்டவர் இருந்தால் சிகிச்சைக்கு உதவுவதாக வானொலியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கடலோடிகளின் பழைய தர்மம் அவர்களிடம் இன்னும் அழியவில்லை.

சீனத்தின் பயம் கப்பலாகிறது என்றால், அக்கப்பலைக் கண்ட அண்டை நாட்டாரின் பயமும் ஆயுதமாகிறது. ஜப்பான் தன் இசுமோ ரகக் கப்பல்களைப் போர் விமானம் ஏறி இறங்கத்தக்கவையாக மாற்றுகிறது. வியட்நாம் ரஷ்யாவிடம் ஆறு நீர்மூழ்கிகள் வாங்கியதோடு தானும் திட்டுகளில் மணல் நிரப்புகிறது. ஆஸ்திரேலியா அணுசக்தி நீர்மூழ்கிகளுக்காக 2021-இல் அமெரிக்காவோடும் பிரிட்டனோடும் கை கோத்தது. பிலிப்பைன்ஸ் நம் நாட்டிலிருந்து பிரம்மோஸ் ஏவுகணைகளை வாங்கி 2024-இல் முதல் தொகுதியைப் பெற்றது. தன் பாதுகாப்புக்கென்று சீனம் செய்த ஒவ்வொரு முயற்சியும் அதைச் சுற்றி எதிர்ப்பணியை நெருக்கமாக்கியிருக்கிறது.

நம் பக்கத்து சமுத்திரத்திலும் இதன் அலை அடிக்கிறது. 2008-இல் சோமாலியக் கடற்கொள்ளையரை ஒடுக்க ஏடன் வளைகுடாவுக்குப் புறப்பட்ட சீனப் போர்க்கப்பல்கள் பிறகு வருவதை நிறுத்தவேயில்லை. 2017-இல் ஜிபூட்டியில் அந்நாட்டின் முதல் அயல்நாட்டுப் படைத்தளம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 2014-இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து நின்றபோதும், 2022 ஆகஸ்டில் செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் பின்தொடரவல்ல யுவான் வாங் 5 என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும், புது தில்லி கவலை தெரிவித்தது. கடனில் மூழ்கித் தத்தளித்த அந்தச் சிறிய தேசம் இரண்டு பெரிய அயலாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டி, 2024-இல் எந்நாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் ஓராண்டுக்கு வரக்கூடாது என்று தடை போட்டது.

தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமும் சீனமும் 2002-இல் தென் சீனக் கடல் பற்றி ஒரு பிரகடனம் செய்தன. அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. கட்டுப்படுத்தத்தக்க நடத்தை விதிகளை மூன்றாண்டுக்குள் முடிப்பது என்று 2023-இல் அமைச்சர்கள் இசைந்தார்கள். விதிகளை மீறியவரைக் கேட்பார் யார், அவை எந்தெந்தத் திட்டுகளுக்குச் செல்லும், வெளிநாட்டுப் படைகளோடு கூட்டுப் பயிற்சி செய்யச் சிறிய நாடுகளுக்கு உரிமை உண்டா என்னும் கேள்விகளில்தான் பேச்சு நெடுநாளாக இழுபறியாகி வருகிறது. 2012-இல் சீனத்தின் பிடிக்குள் போன ஸ்கார்பரோ திட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக வலை எடுத்துச் சென்ற லூசோன் தீவின் மாசின்லோக் மீனவர்கள், இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் வரையில், காவல் கப்பல் கண்ணில் பட்டால் திரும்பிவிடுவது என்ற கணக்கோடுதான் கரையைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது.