தொலைக்காட்சித் தொழிலில் ஒரு புதுயுகம்

இரவு எட்டு மணி. இராப்போசனம் முடிந்து, பாட்டனார் முதல் பேரன் வரை வீட்டார் அனைவரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்ந்திருக்கின்றனர். திரையிலே செய்தி வாசிப்பவர் ஒருவரையே நாம் காண்கின்றோம். அவரை நம் கண்முன் கொணர்ந்து நிறுத்துதற்குத் திரைக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்கைகளின் தொகையும் தொழிலும் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டன. “தொலைக்காட்சியிலே வேலை பார்க்கப் போகிறேன்” என்று கூறும் மகனுக்கோ மகளுக்கோ என்ன விடை சொல்வதெனப் பெற்றோர் மயங்குவதும் இதனாலேதான்.

இலங்கையிலே 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சிச் சேவையும், 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அக்காலத்திலே பெரும்பாலான தொலைக்காட்சி நிலையங்களில் ஒரு வேலைக்கு ஓர் ஆள் என்பதே வழக்கம். கமராவை இயக்க ஒருவர். ஒலியை ஒழுங்கு செய்ய ஒருவர். விளக்குகளைக் கவனிக்க ஒருவர். நாடாப் பொறியை ஓட்ட ஒருவர். தலைப்புகளை அட்டையிலே அழகுற எழுத ஓர் ஓவியர். பதிவுற்ற நாடாக்களைப் பேண ஒருவர். ஒருவர் பிழைவிட்டால் மற்றவர் அனைவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

சவர அலகும் நுணுக்குக்காட்டியும்

1956 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனத்தார் தொலைக்காட்சி நிலையங்களுக்கேற்ற ஒளிநாடாப் பொறியை வெளியிட்டனர். இரண்டு அங்குல அகலமுள்ள நாடா, செக்கனுக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 4,500 அடி நாடா வேண்டும். அதிலே ஒரு காட்சியை வெட்ட வேண்டுமாயின், இரும்புத்துகள் கலந்த திரவத்தை நாடாவின்மேல் தடவி, காந்தப் பதிவின் அடையாளத்தை நுணுக்குக்காட்டியினாலே கண்டு, கூரிய அலகினால் அறுத்து ஒட்டுவர். கை சற்றே நடுங்கினாலும் படம் குலைந்துவிடும்.

பின்னர் ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குப் பிரதி செய்யும் முறை வந்தது. அதிலும் நடுவிலே புதிதாக ஒரு காட்சியைப் புகுத்தி நிகழ்ச்சியை நீட்ட வேண்டுமெனில், அதற்குப் பிற்பட்ட பகுதி முழுவதையும் மீண்டும் பதிய வேண்டும். இத்துன்பத்துக்கு முடிவு கட்டியது கணினி. 1989 ஆம் ஆண்டிலே அவிட் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட படத்தொகுப்புக் கருவியில், காட்சிகள் எண்களாக மாற்றப்பட்டு வட்டிலே சேமிக்கப்பட்டன. கட்டுரையில் ஒரு பந்தியை மேலும் கீழும் நகர்த்துவதுபோலக் காட்சிகளை நகர்த்த முடிந்தது. அலகு பிடித்த கைத்திறனுக்கு வேலையில்லாது போயிற்று. ஆயினும் எங்கே வெட்டுவது, எதை விடுவது என்னும் விவேகத்துக்கு வேலை குறையவில்லை.

ஐவர் சுமை ஒருவர் தோளில்

1992 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலே என்.வை.1 என்னும் செய்திச் சேவை தொடங்கியது. அதன் செய்தியாளர்கள் சிறிய கமராவைத் தாமே சுமந்து சென்று, தாமே படம் பிடித்து, தாமே வினவிச் செய்தி சேகரித்தனர். அன்று புதுமையாகத் தோன்றிய அம்முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது. கைத்தொலைபேசி ஒன்றே கமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் படத்தொகுப்புக் கூடமும் ஆகிவிட்டது.

இதனால் நன்மை உண்டு. பெருமுதல் இல்லாதோரும் தம் ஊர்ச் செய்தியை உலகுக்குக் காட்டலாம். ஆனால், ஐவர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கும்போது மற்றை நால்வர் எங்கே செல்வர்? அந்த ஒருவருக்குத்தான் ஒரு செய்தியை நிதானமாக விசாரித்தறிய நேரம் ஏது? இவை எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை, செந்தாய் நகர்ப்புறத்திலிருந்த சோனி நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் புகுந்தது. உயர்தர ஒளிநாடாக்கள் அங்கேதான் உற்பத்தியாகின. நாடாவுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு உண்டாகவே, பல நிலையங்கள் நாடாவைக் கைவிட்டுக் கணினிக் கோப்புகளுக்கு விரைந்து மாறின. 2017 ஆம் ஆண்டிலே படத்தையும் ஒலியையும் கணினி வலைப்பின்னல் வழியாகவே நிலையத்துள் அனுப்புதற்கான நியமங்கள் வெளியாகின. கம்பியும் ஈயப்பற்றும் அறிந்த பொறியியலாளர் இன்று வலைப்பின்னலையும் கற்க வேண்டியவராகின்றார்.

செய்தி வாசிப்பவரின் ஆசனமும் ஆட்டங் கண்டுள்ளது. 2018 இல் சீனாவின் சின்ஹுவா செய்தி நிறுவனமும், 2023 இல் இந்தியாவின் ஒடிசா மாநிலத் தொலைக்காட்சி ஒன்றும் செயற்கை நுண்ணறிவினால் ஆன வாசிப்பாளரைத் திரையிலே தோற்றுவித்தன. அவ்வுருவம் களைப்படையாது, விடுமுறை கேளாது. ஆனால், தான் வாசிப்பது மெய்யா பொய்யா என்பதற்கு அது பொறுப்பேற்குமா? வெள்ளத்திலே வீடிழந்த தாயின் அருகே அமர்ந்து, அவள் அழுது ஓயும்வரை காத்திருந்து, பின் மெல்ல வினவுமா?

ஓலை காட்டும் பாடம்

இத்தகைய மாற்றம் தமிழருக்குப் புதியதன்று. ஏடெழுதுவோர் நம்மிடையே ஒரு காலத்திலே பெருமதிப்புப் பெற்றிருந்தனர். அச்சு இயந்திரம் வந்தது; எழுத்தாணிக்கு வேலை போயிற்று. ஆயினும் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அவருக்குத் துணை நின்றது அச்சுப்பொறி மாத்திரமா? ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களையும் புலமையன்றோ! கருவி மாறியபோது அப்புலமையின் தேவை முன்னிலும் பெருகியது.

ஆகவே, மாணவர்களே, கருவியைக் கற்பதற்கு அஞ்சாதீர்கள். அதை மட்டும் கற்று அமையாதீர்கள். இன்று கற்கும் மென்பொருள் சில ஆண்டுகளிலே பழையதாகிவிடும். தெளிவாக எழுதும் மொழித்திறன் பழையதாகாது. தமிழுடன் சிங்களமும் ஆங்கிலமும் அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பிலும் திரையடி வாசகம் எழுதுவதிலும் இடமுண்டு. பொய்ப்படங்கள் மலிந்த இக்காலத்தில், ஒரு படம் எங்கே, எப்பொழுது எடுக்கப்பட்டது என ஆராய்ந்து கூறுதலே தனித்தொரு கலையாக வளர்கின்றது. பழைய நாடாக்கள் நாளுக்கு நாள் நலிவடைகின்றன. அவற்றை ஓட்டும் பொறிகளும் அருகி வருகின்றன. அவை அழியுமுன் கணினிக்கு மாற்றி, முறையாகப் பெயரிட்டு, தேடியவர்க்குக் கிடைக்குமாறு வைத்தல் அவசரமான பணி.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கைத்தொலைபேசியிலே கோவில் திருவிழாவைப் படம் பிடிக்கக் கண்டால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். “இதிலே நீ சொல்ல வந்த கதை யாது?” என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடத் தொடங்கும் பிள்ளை, அத்தொழிலின் முதற்பாடத்தைக் கற்கத் தொடங்கிவிட்டது.