கழுத்தை வளைத்துத் தூக்காதீங்க... மூச்சுக்கான நரம்பு அங்கேதான் இருக்கு!

வாலாஜாபேட்டை டோல்கேட்டை ஒட்டிய சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் காலை ஷிஃப்ட் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் போகும் பைக்குகள், கம்பெனி வேன்கள், நடுவே சீறிப்பாயும் கன்டெய்னர் லாரிகள். இதுபோன்ற சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் என்ன நடக்கும்? நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் கையை, ஒருவர் காலைப் பிடிக்க, அப்படியே தூக்கி மடக்கி ஆட்டோவில் உட்கார வைப்பார்கள். தலை தொங்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

நல்ல மனசுதான். ஆனால், தொங்கும் அந்தக் கழுத்துக்குள்தான் மூச்சை இயக்கும் நரம்பின் வேர் இருக்கிறது.

வயிற்றுக்கு மேலே ஒரு குடை

வயிற்றில் கை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். வயிறு மேலெழும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல விரிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குவதால்தான் அப்படி. அது இறங்க, நுரையீரல் விரிய, காற்று உள்ளே வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 20 ஆயிரம் முறை, தூங்கும்போதும்கூட இது நடக்கிறது. இந்தத் தசை திடீரென வெட்டி இழுத்தால் விக்கல்.

அதற்கு உத்தரவு கொண்டு போவது 'ஃபிரெனிக்' நரம்பு. வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. தண்டுவடத்தில் கழுத்துப் பகுதியின் 3, 4, 5-ம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, கழுத்தின் முன்பக்கத் தசைமேல் இறங்கி, இதயத்தின் உறையை ஒட்டியே போய் உதரவிதானத்தைத் தொடுகிறது.

பக்கத்திலேயே நரம்பு இருக்கும்போது கழுத்திலிருந்து ஏன் வர வேண்டும்? கருவில் உதரவிதானம் கழுத்துப் பக்கத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. குழந்தை வளர வளர, நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. பித்தப்பையில் கல் இருப்பவருக்கு வலது தோள்பட்டை வலிப்பதற்கும் இந்தப் பழைய உறவுதான் காரணம். 'கேஸ் பிடிச்சிருக்கு' என்று தைலம் தேய்ப்போம், பாவம் தோள்!

சூப்பர்மேனும் வேலூர் டாக்டரும்

தண்டுவடத்தில் எந்த இடத்தில் அடி விழுகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

'சூப்பர்மேன்' படங்களின் நாயகன் கிறிஸ்டோபர் ரீவ், 1995-ல் குதிரையிலிருந்து விழுந்தார். அடிபட்டது கழுத்தின் உச்சியில், முதல் இரண்டு முள்ளெலும்புகளில். அதாவது, ஃபிரெனிக் நரம்பின் வேர்களுக்கும் மேலே. நரம்பு நன்றாகவே இருந்தது. மூளையின் உத்தரவு மட்டும் அதை வந்து சேரவில்லை. வென்டிலேட்டர்தான் அவருக்கு மூச்சானது. 2003-ல் அவருடைய உதரவிதானத்தில், நரம்பு வந்து சேரும் இடங்களுக்கு அருகே மின்முனைகளைப் பொருத்தினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் இயந்திரம் இல்லாமல் அவரால் மூச்சுவிட முடிந்தது.

வாலாஜாபேட்டைக்குப் பக்கத்திலேயே இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. வேலூர் சி.எம்.சி-யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டார். இடுப்புக்குக் கீழே இயக்கம் போனது. ஆனால், சேதம் கழுத்துக்குக் கீழே என்பதால் மூச்சும் தப்பியது, கைகளும் தப்பின. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966-ல் வேலூரில் தொடங்கியது. 1972-ல் பத்மஸ்ரீ.

ஒரு பக்கம் மட்டும் பழுதானால்?

விபத்து மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். இதய அறுவை சிகிச்சை, கழுத்து, நெஞ்சில் வரும் கட்டி, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கி இழுபடுவது ஆகியவற்றாலும் இந்த நரம்பு பாதிக்கப்படலாம். ஒரு பக்க நரம்பு மட்டும் செயலிழந்தால், ஆரோக்கியமானவருக்குத் தெரியாமலேகூடப் போகும். வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த எக்ஸ்-ரேயில், ஒரு பக்க உதரவிதானம் மேலேறி நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். சிலருக்கு மாடிப்படி ஏறினாலோ, குனிந்து வேலை செய்தாலோ மூச்சு வாங்கும்.

இரண்டு பக்கமும் போனால் நிலைமை வேறு. படுத்தாலே மூச்சு முட்டும். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழுவதற்குப் பதிலாக உள்வாங்கும். இந்த அறிகுறியைப் பார்த்தால் தாமதிக்கவே கூடாது.

நசுங்கிய நரம்பு மீண்டும் வளரக்கூடியதுதான். ஆனால் வேகம், நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தேறாவிட்டால், தளர்ந்த உதரவிதானத்தை மடித்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

ரோட்டில் என்ன செய்வது?

முதலில் 108. தீ, போக்குவரத்து போன்ற ஆபத்து இல்லாவிட்டால் அடிபட்டவரை நகர்த்த வேண்டாம். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு தடைப்படாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் புகட்டவே கூடாது. வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையைப்போலச் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். இதற்கு மூன்று, நான்கு பேர் தேவை. மூச்சே இல்லாவிட்டால் கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க முடியாது. 108-ல் பேசுபவரின் வழிகாட்டுதலோடு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கிவிட வேண்டும்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

'போலீஸ், கேஸ்னு அலையணுமே' என்ற பயமும் பலருக்கு உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், உதவிக்கு வந்தவர்மீது வழக்குப் பாயாமல் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லியே ஆக வேண்டும் என்று அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.