பிளேட்லெட் சரி, ரத்தம் ஏன் நிற்கவில்லை?

மழைக்காலம் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி லேப்களில் எல்லோரும் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு?" டெங்கு சொல்லிக்கொடுத்த பாடம் அது. மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் ஈறு கசிகிறது, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறது, மாதவிடாய் பத்து நாள் நீள்கிறது என்றால் கழுத்திலுள்ள தைராய்டையும் சந்தேகப்பட வேண்டும்.

கொரட்டூரோ செம்பரம்பாக்கமோ, ஏரிக்கரை உடைந்தால் மணல் மூட்டையை மட்டும் போட்டால் வெள்ளம் அடித்துப் போய்விடும். சவுக்குக் கட்டைகளை இறக்கினால்தான் மூட்டை நிற்கும். ரத்தக்குழாய் கிழிந்த இடத்திலும் அதுதான் கதை. மூட்டைகள் பிளேட்லெட்டுகள், கட்டைகள் 'வான் வில்லிபிராண்ட் காரணி' என்ற புரதம். ஆலந்து தீவுகளில் ஒரு குடும்பத்தையே வாட்டிய ரத்தக்கசிவைப் பற்றி 1926-ல் எழுதிய பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டின் பெயர் அது. அவர் கண்டது பிறவிக் குறை. தைராய்டு மந்தமானால் அதே குறை பாதி வயதிலும் வந்து சேரும். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் இந்தப் புரதத்தைப் போதிய அளவு சுரக்கத் தைராய்டு ஹார்மோனின் தூண்டுதல் வேண்டும். புரதம் குறைந்தால், அதன் துணையில் ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும் ஃபேக்டர் 8 என்ற உறைதல் புரதமும் குறையும். பிளேட்லெட் எண்ணிக்கையில் இது எதுவுமே தெரியாது.

சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களிடம் இன்னும் அதிகம். இவர்கள் எல்லோருக்கும் ரத்தம் கசிவதில்லை. குறைவு கடுமையாக இருப்பவர்களிடமே பெரும்பாலும் தெரியும். ஆனாலும் தொழிற்பேட்டைக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துக்கொண்டு, அதிக உதிரப்போக்கையும் தாங்கும் பெண்ணுக்குச் சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது போதாது. கர்ப்பப்பையை எடுக்கலாமா என்ற பேச்சு எழும் முன்பே தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையான டிஎஸ்ஹெச் பார்த்திருக்க வேண்டும். காரணம் தைராய்டுதான் என்றால், லெவோதைராக்சின் மாத்திரையிலேயே அந்தப் புரதம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

சுரப்பி அதிகமாக வேலை செய்தால் ஆபத்து வேறு பக்கம். வான் வில்லிபிராண்ட் காரணி, ஃபேக்டர் 8, ஃபைப்ரினோஜன் எல்லாம் கூடி ரத்தம் எளிதில் உறையும். இதயத் துடிப்பு தாறுமாறானால் அங்கே உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ, தைராய்டு கூடும்போது அதே டோஸ் ரத்தத்தை அளவுக்கு மீறி இளக்கிவிடும். குறையும்போது அதே டோஸ் பற்றாது. தைராய்டு மருந்து மாறும்போதெல்லாம் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்ப்பது அதனால்தான்.

பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும் தைராய்டு பிரச்சினை இருப்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உதிரப்போக்குக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள், அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள். இரும்பு தைராய்டு மருந்தைச் சரியாக உடலில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.