தொட்டால் சுடும் பழைய செட்... சுடாத புது ஆம்ப்ளிஃபயர்... உங்கள் வீட்டுக்கு எது சரி?

தளியில் பொழுது சாயும்போதே காற்றில் குளிர் ஏறிவிடும். ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயரெடுத்த ஊராயிற்றே! ஓசூர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்தவர்களும், பசுமைக்குடிலில் ரோஜா பறித்தவர்களும் வீடு திரும்பியதும் காபியோடு ஒரு பாட்டு வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப்பகுதி என்பதால், இளையராஜாவுக்கு அடுத்து ராஜ்குமார் பாடுவார். அவருக்கு அடுத்து எஸ்.பி.பி. தெலுங்கில் வருவார்.

பாட்டில் சண்டை இல்லை. பாட்டுப் பெட்டியில்தான் சண்டை! உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயரை மொபைலில் காட்டி, “ஷோகேஸ்ல இருக்குற அந்த இரும்புப் பெட்டியை எடைக்குப் போட்டுடலாம்ப்பா” என்கிறார் மகன். “வெயிட்டா இருந்தாதான்டா சவுண்டு” என்கிறார் அப்பா. பல வீடுகளில் நடக்கும் வழக்கு இது. தீர்ப்பு என்ன? இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

ஏன் சுடுகிறது?

பழைய ஃபேன் ரெகுலேட்டர் நினைவிருக்கிறதா? சுவரில் பெரிய பெட்டியாக இருக்கும். ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பெட்டி சூடாகும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தை அது வெப்பமாக எரித்துக்கொண்டிருக்கும். இப்போது வரும் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அந்த அளவுக்குச் சுடுவதில்லை.

ஆம்ப்ளிஃபயர் கதையும் ஏறக்குறைய இதுதான். பழைய வகையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய்போல வேலை செய்யும். ஸ்பீக்கருக்குப் போகாத மின்சாரம் வெப்பமாகும். அதை வெளியேற்றத்தான் பின்பக்கம் அந்தப் பெரிய அலுமினிய ஹீட் சிங்க். இதில் ‘கிளாஸ் ஏ’ வகை, பாட்டு ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் வீடுகளில் அதிகம் இருப்பது ‘கிளாஸ் ஏபி’. இதன் திறன் ஏட்டளவில் 78 சதவிகிதம் வரை போகலாம். ஆனால், வீட்டில் மெதுவாகப் பாட்டு கேட்கும்போது அது வெகுவாக இறங்கிவிடும்.

சூடாகாத வகைக்கு ‘கிளாஸ் டி’ என்று பெயர். ‘டி’ என்றால் டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி-க்கு அடுத்து வந்ததால் டி. இதில் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும். நொடிக்குச் சுமார் 4 லட்சம் தடவையும் அதற்கு மேலும் இப்படி நடக்கும். அந்த வேகத்துடிப்பை ஒரு காயிலும் கப்பாசிட்டரும் வடிகட்டி, பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். திறன் 90 சதவிகிதத்தைத் தொடும். அதனால்தான் கைக்குள் அடங்குகிறது.

கரன்ட் பில் எவ்வளவு குறையும்?

தினமும் 4 மணி நேரம் பாட்டு கேட்பதாக வைத்துக்கொள்வோம். 200 வாட் இழுக்கும் கிளாஸ் ஏ ஆம்ப், 2 மாதத்தில் 48 யூனிட் தின்றுவிடும். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்ததே... அதில் கிட்டத்தட்டப் பாதி! ஆனால், 40 வாட் இழுக்கும் கிளாஸ் ஏபி அதே நேரத்துக்கு 9.6 யூனிட்தான் எடுக்கும். 10 வாட் இழுக்கும் கிளாஸ் டி என்றால் 2.4 யூனிட். வித்தியாசம் 2 மாதத்துக்கு 7 யூனிட். ஆகவே, பில்லுக்குப் பயந்து ஏபி செட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கரன்ட் போகும் நேரத்தில்தான் புதுசுக்கு நிஜமான லாபம். சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய செட்டின் டிரான்ஸ்ஃபார்மர் ‘ம்ம்ம்’ என்று முனகும். கிளாஸ் டி-யோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். வோல்டேஜ் இறங்கினாலும் பாட்டு நிற்காது; பேட்டரியும் சீக்கிரம் காலியாகாது.

சரி... சவுண்டு?

அப்பாவின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கிளாஸ் டி ஒன்றும் நேற்று வந்ததல்ல. பிரிட்டனைச் சேர்ந்த அலெக் ரீவ்ஸ் 1950-களிலேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். 1964-ல் அங்கே சின்க்ளேர் நிறுவனம் ‘எக்ஸ்-10’ என்ற கிட்டை விற்றது. பெயரில் 10 இருந்தது. கிடைத்ததோ சுமார் 2.5 வாட். அன்றைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் கைகூடவில்லை.

பிறகு வந்தவற்றிலும் ஒரு குறை இருந்தது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒலியின் குணம் மாறும். 2000-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த பெல்ஜியம் பொறியாளர் புரூனோ புட்ஸெய்ஸ், வடிகட்டிய பிறகு வரும் ஒலியையே சரிபார்த்துத் திருத்தும் சர்க்யூட்டை உருவாக்கினார். இன்று நல்ல கிளாஸ் டி, நல்ல ஏபி-க்குச் சளைத்ததல்ல. ‘நல்ல’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மலிவு போர்டுகளுக்கு இது பொருந்தாது.

நம்பிக்கை வரவில்லையா? வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். மொபைலில் சவுண்டு மீட்டர் ஆப் வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். இது முக்கியம். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதைத்தான் காது ‘நல்லாருக்கு’ என்று நம்பும். அப்பா திரும்பி உட்காரட்டும், மகன் மாற்றி மாற்றிப் போடட்டும். 10 தடவையில் எத்தனை தடவை சரியாகச் சொல்கிறார் என்று பாருங்கள்.

வாட் வித்தையில் ஏமாறாதீர்கள்

அட்டைப்பெட்டியில் ‘100 வாட்’ என்று இருக்கும். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 24 வாட். உள்ளே போவது 24 என்றால் வெளியே தொடர்ந்து 100 எப்படி வரும்?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ‘டிபிஏ3116’ ஐ.சி. ஆன்லைனில் விற்கும் பல போர்டுகளில் இருக்கிறது. (தளிக்குப் பக்கத்து பெங்களூரில் 1985-லேயே மையம் தொடங்கிய நிறுவனம்தான் இது.) 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கரும் மாட்டினால்தான் இது சேனலுக்கு 50 வாட் தரும். அதுவும் ஒலி நன்றாகவே சிதையும் எல்லையில். 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சேனலுக்கு 9 வாட்டைத் தாண்டாது. அதற்காக வருந்த வேண்டாம். சாதாரண ஹாலுக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

பழசு இருந்தால்...

பழைய செட்டின் பலம், பழுது பார்க்க முடிவது. பெங்களூரில் பெல் நிறுவனம் ஒரு காலத்தில் தயாரித்த ‘2என்3055’ போன்ற டிரான்சிஸ்டரை, ஊர் மெக்கானிக் சால்டரிங் அயர்ன் வைத்தே மாற்றிவிடுவார். கிளாஸ் டி போர்டில் கடுகு அளவு பாகங்கள். போனால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும்.

பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ கேட்கிறதா? பவர் கப்பாசிட்டர் களைத்திருக்கலாம். சூடு 10 டிகிரி குறைந்தால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே, செட் மேல் பூத்துணி விரிக்காதீர்கள். மூடிய ஷோகேஸில் வைக்காதீர்கள். நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மாற்றும் முன் கவனியுங்கள்

* பல சின்ன கிளாஸ் டி ஆம்ப்களில் ஸ்பீக்கரின் கறுப்பு ஒயர் எர்த் அல்ல. பழைய வீட்டு ஒயரிங்கில் இரண்டு பாக்ஸின் கறுப்பு ஒயர்களும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் ஐ.சி. புகைந்துவிடும்.
* தாத்தா மீடியம் வேவ் ரேடியோ கேட்பவரா? கிளாஸ் டி-யைத் தள்ளி வையுங்கள். அதன் துடிப்பு ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கலாம்.
* பட்ஜெட் குறைவு என்றால் பெரிய பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். காதுக்குத் தெரியும் வித்தியாசம் அங்கேதான் அதிகம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு, குறிப்பாக இன்வெர்ட்டரில் கேட்பவர்களுக்கு, நல்ல அடாப்டரோடு வரும் கிளாஸ் டி-யே போதும். ஏற்கெனவே நன்றாகப் பாடும் ஏபி செட் இருந்தால் அது ஹாலிலேயே இருக்கட்டும். சின்னது மகனின் அறைக்குப் போகட்டும்.

எடைக்குப் போட்டால் அந்தப் பெட்டிக்குக் கிடைப்பது இரும்பு விலைதான். கப்பாசிட்டரை மாற்றினால் இன்னும் பல வருஷம் அப்பாவுக்குப் பாட்டு கிடைக்கும்!