பனியன் விலையில் ஏறாத செலவு

எங்க வல்லத்திராக்கோட்டை பக்கத்துல ஒருத்தர் "திருப்பூர்ல வேலை பார்க்கிறேன்"னு சொன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. இதைப் படிக்கிற உங்கள்ல சிலருக்குக்கூட அங்கிருந்துதான் சம்பளம் வரும். அதனால மாசு பத்தின கணக்குக்குத் திருப்பூரையே எடுத்துக்குவோம்.

நூல், சாயம், கூலி, கரண்ட் பில் எல்லாம் பனியன் விலையில ஏறும். ஆனா சாயம் போட்ட உப்புத் தண்ணியைச் சுத்தம் பண்ணாம நொய்யல் ஆத்துல விட்டா, அந்தச் செலவு கம்பெனி புத்தகத்துல வராது. லாபம் கூடுதலாத் தெரியும். செலவு எங்கேயும் மறைஞ்சு போகலைங்க. ஆத்தோரம் நிலம் வெச்சிருக்கிறவர் தலையில விழுந்திருக்கு, அவ்வளவுதான்.

ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்க. பாசனத்துக்காக 1992-ல முடிச்ச அணை, சில வருஷத்துலேயே சாயக்கழிவு தேங்குற தொட்டியா மாறிடுச்சு. அணையைத் திறங்கன்னு கேட்க வேண்டிய விவசாயி, தயவுசெஞ்சு திறக்காதீங்கன்னு சொல்ற நிலைமை. மதிப்பு இழந்த சொத்தைப் புத்தகத்துல குறைச்சுக் காட்டுறதை எங்க தொழில்ல இம்பேர்மென்ட்னு சொல்வோம். இந்த அணைக்கு அதை யார் எழுதுறது?

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. சூழல் இழப்பு ஆணையம் 2004-ல 28,596 விவசாயிகளுக்கு நிர்ணயிச்ச நஷ்ட ஈடு சுமார் 24.8 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சராசரியா 8,700 ரூபாய்கூட வரலை. பல வருஷ விளைச்சல் போனதுக்கு, உங்க போன் இஎம்ஐ சில மாசம் கட்டுற காசு!

2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் வெளியேத்துற கழிவுக்கு லிட்டருக்கு இத்தனை பைசான்னு அபராதம் போட்டுச்சு. அப்பவும் நிக்கலை. 2011 ஜனவரியில 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. வாரச் சம்பளத்தை நம்பி வந்தவங்க பாடுதான் திண்டாட்டம். அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவிச்சது. 10% வட்டின்னு வெச்சாலும் வருஷத்துக்கு 20 கோடி. அதைச் சுமந்தது நம்ம வரிப்பணம். இப்போ கழிவுநீரைச் சுத்தம் செஞ்சு திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்தணும்ங்கிறது விதி. செலவு கடைசியில ஏற வேண்டிய புத்தகத்துல ஏறுது.

சரி, உங்க பர்சுக்கு வருவோம். தண்ணி கெட்டா கேன் தண்ணி, ஆஸ்பத்திரி, ஆழமான போர்னு செலவு வீட்டுக்குள்ள வந்துடும். கேன் தண்ணிக்கு வரிச்சலுகை கிடையாது. புது வரி முறையில மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கான 80டி-யும் இல்லை.

முக்கியமா, லோன் போட்டு மனை வாங்கப் போறவங்களுக்கு: வில்லங்கச் சான்றுல அடமானம் தெரியும், தண்ணியோட வில்லங்கம் தெரியாது. பக்கத்துல ஆலையோ குப்பைக் கிடங்கோ இருந்தா, அந்த இடத்து போர் தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்டப் பரிசோதனைக் கூடத்துல கொடுங்க. ரிப்போர்ட்ல டிடிஎஸ் பாருங்க (சம்பளத்துல பிடிக்கிறது இல்லீங்க, கரைஞ்ச உப்போட அளவு). லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரை. அதைத் தாண்டினா, அட்வான்ஸ் கொடுக்காம வேற மனை பாருங்க.