இணைய அடிமைத்தனமும் மாணவர் மனநலமும்

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்திய காலத்தில் மாணவரின் கைக்காசே இணையத்துக்கு எல்லை வகுத்தது. 2016-க்குப் பின் நம் நாட்டில் கைப்பேசித் தரவு மலிந்தபோது அந்த எல்லை மறைந்தது.

அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998-இல் வெளியிட்ட சோதனையில் 20 வினாக்கள் உள்ளன. உறக்கம் கெடுகிறதா, படிப்பு பின்தங்குகிறதா, செய்வதைப் பிறரிடம் மறைக்கிறீர்களா என்பன அவற்றுள் சில. இணையத்தில் கழியும் நேரத்தைவிட, அதனால் இழப்பது எது என்பதையே அவை பெரிதும் ஆராய்கின்றன.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றது. பொதுவான இணைய அடிமைத்தனம் இடம்பெறவில்லை. எனினும் துயர் பெரிது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-இலேயே இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது.

மனச்சோர்வு, பதற்றம், உறக்கக் குறைவு ஆகியவை இப்பழக்கத்துடன் சேர்ந்தே காணப்படுகின்றன. ஆயின் எது காரணம், எது விளைவு? விடுதித் தனிமையில் வாடுபவன் திரையில் அடைக்கலம் தேடுகிறான். விழித்த இரவு மறுநாளின் சோர்வைக் கூட்டுகிறது. அச்சோர்வு மீண்டும் திரைக்கே அவனை அனுப்புகிறது. இச்சுழலில் கைப்பேசியைப் பறிப்பது பாதி மருந்தே. அவன் எதிலிருந்து ஒதுங்கி அங்கே சென்றான் எனப் பரிவுடன் கேட்பதே மறுபாதி.